எஸ்பெராந்தோ கற்றல்: ஆக்கமொழி ஒன்றன் இலக்கணமும் அன்றாடச் சொற்களும் – தமிழ் வழி ஒரு நோக்கு

0. முன்னுரை

இயற்கையாகத் தோன்றி, தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வளர்ந்த மொழிகளையே மொழியியல் பெரும்பாலும் ஆராய்கிறது. ஒருவர் தம் அறையில் அமர்ந்து திட்டமிட்டு உருவாக்கிய மொழியை ஆய்வுக்குரியதாகக் கொள்ளத் தயங்குவோர் இன்றும் உளர். ஆயினும், அவ்வாறு உருவாக்கப்பட்ட மொழிகளுள் எஸ்பெராந்தோ ஒன்றே தன்னை ஆக்கியவரின் கையைவிட்டு நீங்கி, பல நாட்டு மக்களின் பேச்சிலும் எழுத்திலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்துள்ளது. 'எவரும் எளிதில் கற்கலாம்' என்பதே அம்மொழிக்காக முன்வைக்கப்படும் முதன்மையான வாதம். அந்த எளிமை யாருக்கு எளிமை என்னும் வினா இந்தியச் சூழலில் இன்றியமையாதது. பல மொழியினர் ஒருங்கு வாழும் நாட்டில், 'இம்மொழி அனைவர்க்கும் பொது. இது யாருக்கும் பாரமன்று' என்று கூறப்படும் எந்தக் கூற்றையும் சோதித்து ஏற்பதே முறை.

இக்கட்டுரை இரு நோக்கங்களைக் கொண்டது. ஒன்று, எஸ்பெராந்தோவின் இலக்கணத்தையும் அன்றாடச் சொல்லாக்க முறையையும் தமிழ் இலக்கணக் கருத்துகளின் துணைகொண்டு விளக்குதல். மற்றொன்று, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு அம்மொழியில் எளியன எவை, அரியன எவை எனப் பிரித்துக் காட்டுதல்.

எஸ்பெராந்தோச் சொற்கள் இங்குத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. குற்றொகரமும் குற்றெகரமும் தமிழ்ச் சொற்களின் இறுதியில் பொதுவாக வாராமையின், சொல்லிறுதி உயிர்கள் ஓ, ஆ, ஏ என நெடிலாக எழுதப்பட்டுள்ளன. அவற்றைக் குறுக்கியே ஒலித்தல் வேண்டும்.

1. தோற்றமும் பின்புலமும்

எஸ்பெராந்தோவை உருவாக்கிய லுத்விக் சாமெனோப் 1859-ஆம் ஆண்டு பியாலிஸ்தோக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரம் அன்று உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. உருசியர், போலந்தியர், செருமானியர், யூதர் ஆகியோர் தத்தம் மொழியுடன் அங்கு வாழ்ந்தனர். அவர்களிடையே பகைமையும் இருந்தது. இப்பகைமைக்கு மொழி வேறுபாடு ஒரு காரணம் என்று இளமையிலேயே கருதிய சாமெனோப், பின்னர்க் கண் மருத்துவராகத் தொழில் செய்துகொண்டே ஒரு பொதுமொழியை வடிவமைத்தார். 1887-இல் வார்சா நகரில் உருசிய மொழியில் அவர் வெளியிட்ட சிறுநூலில் பதினாறு இலக்கண விதிகளும் ஏறத்தாழத் தொள்ளாயிரம் வேர்ச்சொற்களும் இடம்பெற்றன. 'தொக்தோரோ எஸ்பெராந்தோ' என்னும் புனைபெயரில் அதனை வெளியிட்டார். 'நம்புகிறவராகிய மருத்துவர்' என்பது இதன் பொருள். புனைபெயரே பின்னர் மொழிக்குப் பெயராயிற்று.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1879–80-இல், செருமானியக் கத்தோலிக்கக் குருவான யோகான் மார்ட்டின் ஷ்லையர் 'வோலாப்யூக்' என்னும் மொழியை ஆக்கியிருந்தார். அது விரைவாகப் பரவி, விரைவாகவே சரிந்தது. வேர்ச்சொற்கள் மூலமொழியறிந்தோரும் அடையாளம் காணாதவாறு சிதைக்கப்பட்டிருந்தமையும், மொழியில் மாற்றம் செய்யும் இறுதி உரிமை தமக்கே உரியது என ஷ்லையர் வற்புறுத்தியமையும் அதன் வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் அடங்கும். சாமெனோப் இதற்கு மாறாக, முதல் நூலிலேயே தம் தனியுரிமையைத் துறந்து, மொழி அனைவர்க்கும் பொது என்று அறிவித்தார். 1905-இல் பிரான்சு நாட்டின் புலோன்-சுர்-மேர் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. அதே ஆண்டு வெளியான 'ஃபுந்தமேந்தோ' என்னும் நூல் மொழியின் மாறா அடிப்படையாக ஏற்கப்பட்டது. 1908-இல் உலக எஸ்பெராந்தோச் சங்கம் நிறுவப்பட்டது.

மொழியின் வரலாறு முழுவதும் அமைதியானதன்று. 1937–38-ஆம் ஆண்டுகளில் சோவியத் நாட்டில் எஸ்பெராந்தோ பயின்றோர் பலர் சிறைப்பட்டனர். செருமானிய நாசிகள் இம்மொழியை யூதர்களின் சூழ்ச்சி எனக் கருதி ஒடுக்கினர். சாமெனோப் 1917-இல் மறைந்தார். அவருடைய மக்கள் மூவருள் ஆதாம் 1940-இல் கொல்லப்பட்டார். சோஃபியா, லிதியா ஆகிய இருவரும் 1942-இல் திரெப்லிங்கா முகாமில் மாண்டனர். மொழியொன்றைக் கற்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் இருந்தது என்பதை இதன் இலக்கணத்தைக் கற்போரும் அறிந்திருத்தல் தகும்.

2. ஒலியும் எழுத்தும்

எஸ்பெராந்தோவின் நெடுங்கணக்கில் 28 எழுத்துகள் உள்ளன. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது விதி. சொல்லழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில் விழும். எழுதியவாறே படிக்கலாம், கேட்டவாறே எழுதலாம்.

உயிர்கள் ஐந்தே. குறில், நெடில் வேறுபாடு பொருள் வேறுபாட்டைத் தருவதில்லை. பத்து உயிர்களையும் இரு கூட்டுயிர்களையும் உடைய தமிழிலிருந்து செல்வோர்க்கு இதில் இடர் எதுவுமில்லை. மெய்களில்தான் இடர் தோன்றுகிறது. தமிழில் வல்லின எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப ஒலிப்பிலா ஒலியாகவும் ஒலிப்புடை ஒலியாகவும் ஒலிக்கின்றன; இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. எஸ்பெராந்தோவிலோ அவை தனித்தனி ஒலியன்கள்.

'பாகி' என்று தமிழில் எழுதப்படும் வடிவம் அம்மொழியில் மூன்று வெவ்வேறு வினைகளைக் குறிக்கலாம். 'பணம்' என்பதன் முதலொலியும் 'பக்கம்' என்பதன் இரட்டைக் ககரத்தில் கேட்கும் வல்லொலியும் அமையின் 'பொதி கட்டுதல்' என்பது பொருள். 'பஸ்' என்பதன் முதலொலியும் அதே ககர வல்லொலியும் அமையின் 'அடுப்பில் சுடுதல்' என்றாகும். 'பணம்' என்பதன் முதலொலியும் 'தங்கம்' என்பதில் கேட்கும் ககரமும் அமையின் 'விலை கொடுத்தல்' என்றாகும். தமிழ் மாணவர் இம்மொழியைத் தமிழ் எழுத்து வழியே கற்க முயலாது, முதல் நாளிலிருந்தே அதன் எழுத்திலேயே கற்பது நன்று. இக்கட்டுரையின் தமிழ் வடிவங்கள் அமைப்பைக் காட்டுவதற்கு மட்டுமே உரியவை.

3. பெயரும் வேற்றுமையும்

எஸ்பெராந்தோ தன் சொற்களை ஐரோப்பிய மொழிகளிலிருந்து பெற்றிருப்பினும், அவற்றை ஒட்டும் முறையில் தமிழை ஒத்து ஒட்டுநிலை மொழியாக நிற்கிறது. பெயர்ச்சொல் 'ஓ' என்றும், பெயரடை 'ஆ' என்றும், பெயரடையிலிருந்தும் பிற வேர்களிலிருந்தும் ஆக்கப்படும் வினையடை 'ஏ' என்றும் முடியும். பன்மை உருபு 'ய்'. செயப்படுபொருள் உருபு 'ன்'. மரத்தைக் குறிக்கும் 'அர்போ' என்னும் சொல்லை நோக்குக:

அர்போ – மரம்
அர்போய் – மரங்கள்
அர்போன் – மரத்தை
அர்போய்ன் – மரங்களை

வேர், பன்மை உருபு, வேற்றுமை உருபு என்னும் வரிசை தமிழின் 'மரம் + கள் + ஐ' என்பதனோடு முற்றிலும் பொருந்துகிறது. இத்துடன், தமிழில் உள்ள புணர்ச்சி மாற்றம் அங்கில்லை. 'மரம்' என்பது 'மரத்தை' என்றும், 'ஆறு' என்பது 'ஆற்றை' என்றும் திரிவன போன்ற திரிபுகள் எஸ்பெராந்தோவில் எங்கும் இல்லை.

செயப்படுபொருள் உருபு உள்ளமையின் சொல்வரிசை நெகிழ்ச்சியுடையது. 'லா ஹுந்தோ மோர்தாஸ் லா காதோன்' என்றாலும் 'லா காதோன் மோர்தாஸ் லா ஹுந்தோ' என்றாலும் நாய் பூனையைக் கடிக்கிறது என்பதே பொருள். ஆங்கிலம் மட்டும் அறிந்தோர் இவ்வுருபை மறந்து பிழை செய்வது மிகுதி. தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் அஃறிணைப் பொருளுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு வருதல் இயல்பு: 'தேநீர் குடித்தேன்', 'நூல் வாங்கினேன்'. எஸ்பெராந்தோவில் உருபு தொகுதல் இல்லை. 'மி த்ரின்கிஸ் தேயோன்' (நான் தேநீர் குடித்தேன்) என 'ன்' வந்தே ஆக வேண்டும். இக்கட்டுரையாளர் அம்மொழியைக் கற்கத் தொடங்கிய காலத்தில் செய்த பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

ஏனைய வேற்றுமைப் பொருள்கள் முன்னிடைச் சொற்களால் உணர்த்தப்படுகின்றன. 'பெர் த்ரன்ச்சீலோ' என்பது 'கத்தியால்'. 'குன் அமீகோ' என்பது 'நண்பனோடு'. கருவிப் பொருளையும் உடனிகழ்ச்சிப் பொருளையும் ஒரே சொல்லால் கூறும் ஆங்கிலத்தைப் போலன்றி, தமிழைப் போலவே இவை வேறுபடுத்தப்படுகின்றன. ஆனால் நான்காம் வேற்றுமையில் தமிழர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'எனக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு' என்னும் தொடரை 'மி ஹாவாஸ் து இன்ஃபானோய்ன்' என எழுவாயும் செயப்படுபொருளுமாக அமைக்க வேண்டும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதும் 'மி மல்ஸாதாஸ்' என எழுவாய்த் தொடராகவே வரும். வினைச்சொல் இன்றி வரும் 'இது நூல்' போன்ற பெயர்ப் பயனிலைத் தொடரில் 'எஸ்தாஸ்' என்னும் வினை கட்டாயம் இடம்பெறும்.

பெயரடை, தான் தழுவும் பெயரின் பன்மையையும் வேற்றுமையையும் ஏற்கும் என்பது தமிழர்க்கு வீண்பாரமாகத் தோன்றும் விதி. 'நல்ல நூல்களை' என நாம் கூறுவதை அவர்கள் 'போனாய்ன் லிப்ரோய்ன்' என உரைப்பர். 'நல்லவைகளை நூல்களை' என்பது போல இது அமைகிறது. 1907-இல் எஸ்பெராந்தோவைத் திருத்தி உருவாக்கப்பட்ட 'இதோ' என்னும் மொழி இவ்வியைபை நீக்கிவிட்டது. எஸ்பெராந்தோ பேசுவோரில் பெரும்பாலோர் அம்மாற்றத்தை ஏற்கவில்லை.

4. வினையும் எச்சங்களும்

வினைமுற்று விகுதிகள் மிகச் சிலவே. நிகழ்காலம் 'ஆஸ்', இறந்தகாலம் 'இஸ்', எதிர்காலம் 'ஓஸ்', நிபந்தனை 'உஸ்', ஏவலும் வியங்கோளும் 'உ', வினையெச்சப் பெயர் வடிவம் 'இ'. எண், இடம், பால் காட்டும் விகுதிகள் இல்லை. படித்தல் என்னும் பொருளுடைய 'லெக்' என்னும் வேர், 'மி லேகாஸ்' (நான் படிக்கிறேன்), 'லி லேகிஸ்' (அவன் படித்தான்), 'இலி லேகோஸ்' (அவர்கள் படிப்பார்கள்) என வரும். விகுதி எழுவாயைக் காட்டாமையின் தமிழைப் போன்று தோன்றா எழுவாயை இங்கு வைத்தல் இயலாது.

தமிழ் மாணவர்க்கு மிகவும் உவப்பளிக்கும் பகுதி எச்சங்களே. ஐரோப்பிய மாணவர்க்கு இப்பகுதி கடினமானது. எதிர்காலப் பெயரெச்சம் அவர்களுடைய மொழிகளுட் பலவற்றில் இல்லை. தமிழிலோ முக்காலப் பெயரெச்சம் நாள்தோறும் வழங்குவது.

லெகிந்தா – படித்த
லெகாந்தா – படிக்கின்ற
லெகோந்தா – படிக்கப்போகும்

இவற்றுக்குச் செயப்பாட்டு வடிவங்களும் உள: 'லெகீதா' (படிக்கப்பட்ட), 'லெகாதா' (படிக்கப்படுகிற), 'லெகோதா' (படிக்கப்படவிருக்கும்). பெயரடை விகுதியாகிய 'ஆ' நீங்கிப் பெயர் விகுதியாகிய 'ஓ' வரின் வினையாலணையும் பெயர் கிடைக்கும்: 'லெகிந்தோ' (படித்தவர்), 'லெகாந்தோ' (படிக்கின்றவர்). வினையடை விகுதியாகிய 'ஏ' வரின் வினையெச்சம் கிடைக்கும்: 'லெகாந்தே' (படித்துக்கொண்டு), 'லெகிந்தே' (படித்துவிட்டு). 'எஸ்பெராந்தோ' என்னும் பெயரே எஸ்பெர் + ஆந்த் + ஓ எனப் பிரிந்து 'நம்புகின்றவர்' என்னும் வினையாலணையும் பெயராக நிற்றல் காண்க.

பிறவினையாக்கமும் ஒழுங்குடையது. 'இக்' என்னும் ஒட்டுப் பிறவினைப் பொருளையும், 'இஜ்' என்னும் ஒட்டுத் தானே ஒரு நிலையை அடைதலையும் உணர்த்தும். 'ப்ளாங்கா' என்பது வெண்மையான. 'ப்ளங்கீகி' என்பது வெளுக்கச் செய்தல். 'ப்ளங்கீஜி' என்பது வெளுத்தல். தமிழில் திருந்து – திருத்து, உருள் – உருட்டு, கொதி – கொதிக்க வை எனப் பல வழிகளில் நிகழ்வது அங்கு ஒரே வழியில் நிகழ்கிறது.

தற்சுட்டுப் பெயரும் தமிழுக்கு அணுக்கமானது. 'லி ப்ரேனிஸ் ஸீயான் லிப்ரோன்' என்றால் 'அவன் தன் நூலை எடுத்தான்'; 'லீயான் லிப்ரோன்' என்றால் வேறொருவனுடைய நூல். 'தன்', 'அவன்' என்னும் நம் வேறுபாடே இது. ஆனால் 'நாம்', 'நாங்கள்' என்னும் உளப்பாட்டு வேறுபாடு அங்கில்லை; இரண்டும் 'நி' என்னும் ஒரே சொல்லாகும். 'நீ', 'நீங்கள்' ஆகிய இரண்டும் 'வி' என்பதில் அடங்கும். 'அவர்' என்னும் மரியாதை ஒருமைக்கு நேரான வடிவமும் இல்லை.

5. சுட்டும் வினாவும்

எஸ்பெராந்தோ நூல்களில் 45 சொற்களைக் கொண்ட ஓர் அட்டவணை தவறாது இடம்பெறும். ஐந்து முதனிலைகளோடு ஒன்பது இறுதிநிலைகள் சேர்வதால் இச்சொற்கள் உருவாகின்றன. பலரும் இதனை மனப்பாடம் செய்ய முயன்று சலிப்படைவர். தமிழர் இதனைச் சுட்டெழுத்து, வினாவெழுத்து முறையாகக் கண்டுகொள்ளின் மனப்பாடம் தேவையில்லை.

கீயே – எங்கு; தீயே – அங்கு; ஈயே – எங்கோ; ச்சீயே – எங்கும்; நெனீயே – எங்குமில்லை
கீயாம் – என்று. தீயாம் – அன்று. ஈயாம் – என்றோ. ச்சீயாம் – என்றும். நெனீயாம் – என்றுமில்லை
கீயோ – எது. தீயோ – அது. ஈயோ – ஏதோ. ச்சீயோ – எல்லாம். நெனீயோ – எதுவுமில்லை

தமிழ் வினாச்சொல்லோடு ஓகாரம் சேர்த்து ஐயப்பொருளையும், உம்மை சேர்த்து முற்றுப்பொருளையும் பெறுகிறது. எஸ்பெராந்தோ அதே வேறுபாட்டை முதனிலையை மாற்றிப் பெறுகிறது. அண்மைச் சுட்டுக்குத் தனி முதனிலை இல்லை. சேய்மைச் சுட்டோடு 'ச்சி' என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து 'ச்சி தீயே' (இங்கு) என்பர். எதிர்மறையில் கருத்தூன்ற வேண்டும். 'நான் எதையும் பார்க்கவில்லை' என்பதில் எதிர்மறை வினையில் உள்ளது. 'மி வீதிஸ் நெனீயோன்' என்பதில் எதிர்மறை பெயரிலேயே அமைந்துவிட, வினை உடன்பாடாகவே நிற்கிறது. வினையையும் எதிர்மறையாக்கின் பொருள் மாறிவிடும்.

6. அன்றாடச் சொற்கள்

நாள்தோறும் தேவைப்படும் சொற்களை ஒவ்வொன்றாகக் கற்பது இம்மொழியில் தேவையற்றது. சில நூறு வேர்களையும் ஏறத்தாழ நாற்பது ஒட்டுகளையும் அறிந்தால் பல்லாயிரம் சொற்களை ஆக்கவும் புரிந்துகொள்ளவும் இயலும். 'மல்' என்னும் முன்னொட்டு எதிர்ப்பொருள் தருவது. 'போனா' நல்ல, 'மல்போனா' தீய. 'நோவா' புதிய, 'மல்நோவா' பழைய. 'வர்மா' சூடான, 'மல்வர்மா' குளிர்ந்த. 'ஃபேர்மி' மூடு, 'மல்ஃபேர்மி' திற. உடல்நலத்தைக் குறிக்கும் 'ஸான்' என்னும் வேரிலிருந்து பின்வருவன கிளைக்கின்றன:

ஸானா – நலமான
மல்ஸானா – நோயுற்ற
மல்ஸனூலோ – நோயாளி
மல்ஸனுலேயோ – மருத்துவமனை
ஸனீகி – நோய் நீக்குதல்
ஸனீஜி – நலம் பெறுதல்

'எய்' இடத்தைக் குறிக்கும் ஒட்டு. 'இல்' கருவியைக் குறிக்கும் ஒட்டு. 'இஸ்த்' தொழில் புரிபவரைக் குறிப்பது. கற்றலைக் குறிக்கும் 'லேர்ன்' என்பதிலிருந்து 'லெர்னேயோ' (பள்ளி), சமைத்தலைக் குறிக்கும் 'குயிர்' என்பதிலிருந்து 'குயிரேயோ' (சமையலறை), 'குயிரிஸ்தோ' (சமையற்காரர்), பூட்டுதலைக் குறிக்கும் 'ஷ்லோஸ்' என்பதிலிருந்து 'ஷ்லொஸீலோ' (சாவி) எனச் சொற்கள் பிறக்கின்றன. எண்ணுப்பெயர்களும் இவ்வொழுங்கின. ஒன்பது 'நவ்', பத்து 'தெக்', நூறு 'த்ஸெந்த்'. எனவே தொண்ணூறு 'நவ்தெக்', தொள்ளாயிரம் 'நவ்த்ஸெந்த்'. தமிழில் இவ்விரண்டும் அடுத்த மேல் எண்ணின் பெயரைக் கொண்டு அமைந்திருத்தல் ஒப்பிடத்தக்கது.

கணிப்பொறி பரவியபோது எஸ்பெராந்தோவிலும், பிறமொழிச் சொல்லை அவ்வாறே ஏற்பதா, சொந்த வேரிலிருந்து புதுச்சொல் ஆக்குவதா என்னும் வினா எழுந்தது. கணித்தற் பொருளுடைய வேரோடு கருவி ஒட்டைச் சேர்த்து ஆக்கிய 'கொம்புதீலோ' என்னும் சொல் நிலைபெற்றது. நம்மிடையே 'கணி' என்னும் வினையடியாகக் 'கணினி' பிறந்ததை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் எல்லா இடத்தும் ஆக்கச் சொல்லே வென்றது எனல் இயலாது. 'மல்ஸனுலேயோ' என்பதோடு 'ஹொஸ்பிதாலோ' என்பதும் வழங்குகிறது. தூய்மை நாடுவோர்க்கும் கடன் ஏற்போர்க்கும் இடையிலான விவாதம், வரலாற்றுப் பழமை உடைய மொழிக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் புலப்படும்.

7. எளிமையின் எல்லைகள்

இதுகாறும் கூறியவை இலக்கண ஒழுங்கைக் காட்டின. வேர்ச்சொற்களை நோக்கின் நிலைமை வேறு. 'அக்வோ' (நீர்) இலத்தீன் வழியது. 'ஹுந்தோ' (நாய்), 'தாகோ' (பகல்) செருமானிய வழியின. 'காய்' (உம்) கிரேக்க வழியது. 'ச்சு' என்னும் வினா இடைச்சொல் போலந்து மொழி வழியது. பெரும்பான்மை வேர்கள் இலத்தீனிலிருந்தும் அதன் வழிமொழிகளிலிருந்தும் பெறப்பட்டவை. இத்தாலியர் ஒருவர் பார்த்தவுடன் பொருள் உணரும் சொல்லைத் தமிழர் முயன்றே கற்க வேண்டும். ஆங்கிலம் அறிந்த தமிழர்க்கு இச்சுமை குறையும், அறியாதார்க்குக் குறையாது. எனவே எஸ்பெராந்தோவின் இலக்கணம் நமக்கு அணுக்கமானது, சொற்கோவை நமக்குச் சேய்மையானது எனக் கூறுதல் பொருந்தும்.

சொற்களின் பொருட்பரப்பும் ஐரோப்பிய வாழ்வைச் சார்ந்தது. நெல், அரிசி, சோறு என நாம் பிரித்து வழங்குவதை 'ரீஸோ' என்னும் ஒரு சொல் குறிக்கிறது. சோற்றைத் தெளிவாகக் குறிக்க 'சமைக்கப்பட்ட' என்னும் அடை தேவை. உறவுப்பெயர்களில் இவ்வேறுபாடு மேலும் ஆழமானது. அண்ணனும் தம்பியும் 'ஃப்ராதோ'. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் ஆகிய மூவரும் 'ஒன்க்லோ'. சித்தப்பாவின் மகனும் மாமனின் மகனும் 'கூஸோ'. தமிழில் முன்னவர் உடன்பிறந்தாராகவும் பின்னவர் மணமுறையினராகவும் கருதப்படுவர். மணத்திற்குரியார், உரியரல்லார் என்னும் சமூக ஒழுங்கே நம் உறவுச் சொற்களில் பொதிந்துள்ளது. அதனை எஸ்பெராந்தோவில் கூறப் பல சொற்கள் கொண்ட விளக்கம் தேவைப்படும். மேலும், அதன் மரபுவழி உறவுப்பெயர்களுள் ஆண்பால் வடிவமே அடிப்படையாகவும், பெண்பால் 'இன்' என்னும் ஒட்டால் ஆக்கப்படுவதாகவும் உள்ளது: 'பத்ரோ' தந்தை, 'பத்ரீனோ' தாய். தாய் என்னும் கருத்துக்கு வேர்ச்சொல் இல்லாமையை அம்மொழியினரே நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர்.

பதினாறு விதிகளுள் மொழி முழுவதும் அடங்கிவிட்டது என்பதும் மிகைக்கூற்றே. 'கொம்பி' என்பது தலைவாருதல். எனவே சீப்பு 'கொம்பீலோ'. 'ப்ரோஸோ' என்பது துடைப்புத் தூரிகை. எனவே அதனால் துடைத்தல் 'ப்ரோஸி'. முன்னது வினைவேர், பின்னது பெயர்வேர். எவ்வேர் எவ்வகை என்பதை விகுதி காட்டாது. கற்றே அறிய வேண்டும். இச்சிக்கலை முதலில் முறையாக ஆராய்ந்தோருள் ஒருவர் ரெனே தெ சொசூர். நவீன மொழியியலின் தந்தை எனப் போற்றப்படும் ஃபெர்தினாந்த் தெ சொசூரின் உடன்பிறந்தவர். செயப்பாட்டு எச்சங்களின் 'ஆத்', 'இத்' வடிவங்கள் காலத்தைக் குறிப்பனவா, வினை நிறைவைக் குறிப்பனவா என்பது குறித்தும் நீண்ட விவாதம் நிகழ்ந்தது; 1967-இல் எஸ்பெராந்தோக் கழகம் அதற்குத் தீர்ப்புரைத்தது. விதியால் ஆக்கப்பட்ட மொழியிலும் வழக்கே இறுதியில் நடுவராகிறது.

ஆக்கமொழி மக்கள் வழக்கிற்கு வந்தபின் ஆக்கியோரின் கட்டுப்பாட்டில் நிற்குமா என்று ஃபெர்தினாந்த் தெ சொசூர் தம் விரிவுரைகளிலேயே ஐயம் எழுப்பியிருந்தார். எஸ்பெராந்தோ வழியே ஒன்றுபட்ட பெற்றோரின் குழந்தைகள் சிலர் அதனைத் தாய்மொழியாகவே பெறுகின்றனர். அத்தகையோரின் பேச்சை ஆராய்ந்து பெஞ்சமின் பெர்கன் 2001-இல் வெளியிட்ட கட்டுரை, செயப்படுபொருள் உருபு தளர்தலையும் சொல்வரிசை இறுகுதலையும் சுட்டியது. குழந்தைகள் இலக்கண நூலைப் பார்த்து மொழியைப் பெறுவதில்லை. அவர்களுடைய வாயில் ஆக்கமொழியும் இயற்கை மொழியின் வழியே செல்லத் தொடங்குகிறது.

8. கற்கும் முறை

மேற்கண்ட ஒப்பீட்டினின்றும் தமிழர்க்கு ஏற்ற கற்றல் வரிசை ஒன்றை வகுக்கலாம். முதலில் ஒலிப்புடை, ஒலிப்பிலா வல்லொலிகளைச் செவியால் பிரித்தறியும் பயிற்சி வேண்டும். அடுத்து ஓ, ஆ, ஏ, ய், ன் ஆகியவற்றோடு வினை விகுதிகளையும் ஒருங்கே கற்கலாம். அவற்றுக்குச் சில நாட்கள் போதும். மூன்றாவதாக எச்சங்களையும் சுட்டு வினாச் சொற்களையும் தமிழ் வடிவங்களோடு இணைத்துக் கற்க வேண்டும். ஐரோப்பியர்க்கென எழுதப்பட்ட பாடநூல்கள் எச்சங்களைப் பெரும்பாலும் இறுதியில் வைக்கின்றன. நமக்கு அவை தொடக்கத்திலேயே வரலாம். அதன்பின் உள்ள உழைப்பு முழுவதும் வேர்ச்சொற்களுக்கே உரியது. அவற்றைத் தனித்தனியே பட்டியலாகப் படிக்காது, ஒவ்வொரு வேரையும் அதன் ஒட்டுக் குடும்பத்தோடு படித்தல் நலம்.

சிறு உரையாடல்களை விரைவிலேயே தொடங்கலாம். 'போனான் மதேனோன்! ச்சு வி யாம் த்ரின்கிஸ் தேயோன்?' (காலை வணக்கம். நீங்கள் தேநீர் குடித்துவிட்டீர்களா?) 'நே, மி அன்கோரவ் நே த்ரின்கிஸ்.' (இல்லை, நான் இன்னும் குடிக்கவில்லை.) வாழ்த்திலும் 'ன்' உருபு வருதல் காண்க; 'விழைகிறேன்' என்னும் வினை அங்குத் தொக்கு நிற்கிறது.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. முதலாவது, எஸ்பெராந்தோவின் ஒட்டுமுறை, எச்சங்கள், சுட்டு வினா அமைப்பு, தற்சுட்டுப் பெயர் ஆகியவை தமிழர்க்கு ஐரோப்பியர் பலரைவிட எளியன. இரண்டாவது, வேர்ச்சொற்களும் பொருட்பரப்பும் ஐரோப்பியச் சார்புடையன. எனவே 'நடுநிலை மொழி' என்னும் பெயர் அரசியல் நிலையில் பொருந்தினும், கற்பவரின் உழைப்பு நிலையில் முழுதும் பொருந்தாது. எந்த இனத்தின் ஆட்சிமொழியாகவும் அது இல்லாமையால் எவரும் எவர்முன்னும் தாழ வேண்டுவதில்லை. ஆயினும் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. இந்தியாவுக்குப் பொதுமொழி பற்றி எழும் எந்த விவாதத்திலும் இவ்விரு நிலைகளையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது, தமிழ் கற்பித்தலுக்குப் பயன்படுவது. தமிழ் அறியாத இந்தியர்க்குத் தமிழ் கற்பிக்கும் நம் பாடநூல்கள் சொற்பட்டியலுக்குத் தரும் இடத்தை ஆக்க விகுதிகளுக்குத் தருவதில்லை. கற்பவர், கற்பித்தல், கல்வி, கற்றோர் ஆகியவற்றை ஒரு குடும்பமாகவும், எங்கு, எங்கோ, எங்கும் ஆகியவற்றை ஒரு வரிசையாகவும் முதல் நிலையிலேயே கற்பிக்கலாம். புணர்ச்சித் திரிபுகள் குறுக்கிடும் என்பது உண்மையே; ஆனால் ஒழுங்கை முதலில் காட்டித் திரிபைப் பின்னர்க் காட்டினால் மாணவர் அஞ்சார். இம்முறையில் பாடங்களை வகுத்து வகுப்பறையில் சோதித்துப் பார்ப்பது மொழி கற்பித்தல் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.